சூழலியலும் கணித மாதிரியும்: மாணவர்களும் வழிகாட்டிகளும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

சூழலியலில் கணித மாதிரி (உயிர்களின் எண்ணிக்கை எப்படி மாறுகிறது என்பதைச் சமன்பாடாக எழுதுவது) வைத்து ப்ராஜெக்ட் செய்ய வரும் இளங்கலை, முதுகலை மாணவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். புதிதாக வழிகாட்டத் தொடங்கும் ஆசிரியர்கள் கேட்பவையும் சில உண்டு. பதில்கள் என் வகுப்பறைப் பழக்கத்திலிருந்து வருபவை; வேறொரு ஆசிரியர் இதற்கு நேர் எதிராகவும் சொல்லக்கூடும்.

பிளஸ் டூவோடு கணக்குக்கு முழுக்குப் போட்டுவிட்டேன். நான் சேரலாமா?

சேரலாம். விலங்கியல், தாவரவியல் படித்துவிட்டு வருகிறவர்களில் பெரும்பாலோர் இதைக் கேட்டுக்கொண்டேதான் உள்ளே வருகிறார்கள். தொடங்குவதற்கு மடக்கை, அடுக்குக்குறி, சராசரி, சிதறல் தெரிந்தால் போதும். ஒரு வரைபடத்தைப் பார்த்து 'இங்கே வேகமாக ஏறுகிறது, இங்கே தளர்கிறது' என்று சொல்லவும் வர வேண்டும். மாறும் வேகத்தைச் சொல்லும் வகைக்கெழுச் சமன்பாட்டைத் தீர்க்கும் முறைகள் பரீட்சைக்கு வேண்டியிருக்கலாம். நம் வேலைக்கு அது என்ன சொல்கிறது என்று புரிந்தால் சரி, தீர்ப்பதைக் கணினி பார்த்துக்கொள்ளும்.

குறியீடுகளைக் கண்டதும்தான் பலருக்குக் கை உதறுகிறது. அதனால் முதல் சில வாரங்கள் எழுத்துக் குறியே போடுவதில்லை. 'அடுத்த வருஷ எண்ணிக்கை = இந்த வருஷ எண்ணிக்கை + பிறந்தவை − இறந்தவை' என்று நோட்டில் தமிழிலேயே எழுதுவோம். எழுதி எழுதிக் கை வலிக்கும்போது மாணவர்களே சுருக்கக் குறி கேட்பார்கள். அப்போது கொடுத்தால் ஒட்டிக்கொள்ளும்.

நான் கணித மாணவன். காக்கையைத் தவிர ஒரு பறவையின் பெயரும் தெரியாது.

பெயர் பிறகு வரும். முதலில் எண்ணக் கற்றுக்கொள்ள வேண்டும், அது நினைப்பதைவிடக் கஷ்டம். ஏரிக்கரையில் இரண்டு பேரைப் பத்தடி தள்ளி நிற்கவைத்து, கண்ணில் படும் நாமக்கோழிகளைத் தனித்தனியே எண்ணச் சொல்வேன். இரண்டு எண்ணும் ஒத்துப்போவதே இல்லை. நாணலுக்குள் இருந்தவற்றை ஒருவர் விட்டிருப்பார், இன்னொருவர் பறந்து வந்து உட்கார்ந்ததை இரண்டு முறை எண்ணியிருப்பார். சமன்பாட்டில் சாதுவாக உட்கார்ந்திருக்கும் அந்த எண்ணிக்கை எங்கிருந்து வருகிறது என்பது கணித மாணவனுக்கு அன்றைக்குத்தான் விளங்கும்.

பழக்கம் வேண்டுமென்றால் பொங்கல் விடுமுறையில் தமிழ்நாட்டில் நடக்கும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பில் சேருங்கள். பதினைந்து நிமிடம் நின்று பார்த்து, பார்த்ததை ஈ-பேர்ட் செயலியில் பதிவு செய்தால் போதும். பக்கத்தில் பெயர் தெரிந்த ஓர் அண்ணனோ அக்காவோ நிச்சயம் இருப்பார்கள்.

முதல் பாடம் எது?

மொச்சைக்கொட்டை. கிண்ணம் நிறைய மொச்சையைக் கொட்டி, எண்ணாமல் எத்தனை இருக்கிறது என்று கண்டுபிடிக்கச் சொல்வோம். நாற்பதை எடுத்து மார்க்கரால் புள்ளி வைத்து மறுபடி போட்டுக் கலக்க வேண்டும். அப்புறம் கண்ணை மூடிக்கொண்டு ஐம்பது எடுக்க வேண்டும். அதில் எட்டில் புள்ளி இருந்தால், கிண்ணம் முழுக்கவும் அதே விகிதம்தான் என்று வைத்துக்கொண்டு நாற்பதை ஐம்பதால் பெருக்கி எட்டால் வகுக்க 250 வரும். அடுத்த மாணவி எடுக்கும்போது புள்ளி வைத்தவை ஐந்துதான் வருகின்றன. இப்போது விடை 400. கிண்ணம் ஒன்றுதான், மொச்சையும் அதேதான். எது சரி என்று சண்டை தொடங்கும். அந்தச் சண்டைக்காகத்தான் இந்தப் பாடமே.

எல்லாரும் எடுத்த விடைகளைக் கரும்பலகையில் வரிசையாக எழுதினால் நிச்சயமின்மை என்றால் என்ன என்று தனியாக விளக்க வேண்டியிருக்காது. பிறகு புள்ளி வைத்தவற்றைக் கலக்காமல் மேலாகவே போட்டுவிட்டால் என்ன ஆகும், ஒரு முறை பிடிபட்ட எலி பொறிக்குப் பழகித் திரும்பத் திரும்ப வந்தால் என்ன ஆகும் என்று கேட்கலாம்.

இதே தர்க்கத்தைத்தான், இன்னும் நுணுக்கமாக, கேமரா வைத்துப் புலியை எண்ணுவதிலும் பயன்படுத்துகிறார்கள். ஒவ்வொரு புலிக்கும் கோடு வேறு என்பதால் மார்க்கர் தேவையில்லை. வனவுயிரியலாளர் உல்லாஸ் கரந்த் 1990களில் கர்நாடகத்தின் நாகரஹொளேயில் இந்த முறையைக் கையாண்டார். 2022 தேசியக் கணக்கெடுப்பில் இந்தியாவில் 3,682 புலிகள் என்று பத்திரிகைகள் போட்டன. மதிப்பீட்டின் வீச்சு 3,167 முதல் 3,925 வரை. மொச்சை எண்ணிய மாணவர்கள் அந்த வீச்சைத்தான் முதலில் தேடுவார்கள்.

எந்த மாதிரியில் தொடங்குவது? கொன்றுண்ணி–இரை சமன்பாடுதானே எல்லாப் புத்தகத்திலும் முதலில் வருகிறது?

ஒரே ஓர் இனத்தில் தொடங்குங்கள். இரண்டு இனத்தை முதலிலேயே காட்டினால் சுற்றிச் சுற்றி வரும் வளைவின் அழகில் மயங்கிவிடுவார்கள், கேள்வி கேட்க மாட்டார்கள்.

நான் பயன்படுத்துவது பெரிங் கடலில் உள்ள செயின்ட் மேத்யூ தீவின் கதை. 1944இல் அமெரிக்கக் கடலோரக் காவல்படை அங்கே 29 ரெயின்டீர் மான்களைக் கொண்டுபோய் விட்டது. தீவில் இருந்த வீரர்களுக்கு அவசர உணவாக இருக்கட்டும் என்பது எண்ணம். போர் முடிந்தது, வீரர்கள் கிளம்பிவிட்டார்கள், மான்கள் மட்டும் தங்கின. அவற்றைத் தின்ன அங்கே எந்த விலங்கும் இல்லை. 1957இல் போய்ப் பார்த்தபோது சுமார் 1,350.

இவ்வளவை மட்டும் சொல்லி நிறுத்திவிட்டு, 1963இல் எத்தனை இருக்கும் என்று கேட்பேன். 13 வருஷத்தில் 29 எப்படி 1,350 ஆனது? மடக்கை எடுத்தால் வருஷத்துக்குச் சுமார் 34 சதவீத வளர்ச்சி. அதே வேகத்தில் போனால் 1963இல் கிட்டத்தட்ட 7,900. உண்மையில் இருந்தவை சுமார் 6,000. 'பார்த்தீங்களா சார், தளர ஆரம்பிச்சிடுச்சு' என்று யாராவது சொல்வார்கள். லாஜிஸ்டிக் சமன்பாட்டை அறிமுகப்படுத்த அதுதான் நேரம். பெல்ஜியத்துக்காரர் வெர்ஹூல்ஸ்ட் 1838இல் எழுதியது: கூட்டம் பெருகப் பெருக வளர்வீதம் குறைந்து, தாங்குதிறனை, அதாவது அந்த இடம் தாங்கக்கூடிய எண்ணிக்கையை, தொடும்போது பூஜ்யமாகும்.

சரி, 1966இல் எத்தனை? இப்போது கையில் லாஜிஸ்டிக் இருக்கிறது. ஏழாயிரம், எட்டாயிரம், ஆறாயிரத்து ஐந்நூறு என்று பதில்கள் வரும். விடை 42. அதில் 41 பெண், ஒரே ஓர் ஆண், ஒரு குட்டிகூட இல்லை.

குளிர்காலத்தில் அந்த மான்கள் தின்றது லைக்கன், தரையிலும் பாறையிலும் படரும் பாசி போன்ற ஓர் உயிர். அது மிக மெதுவாக வளரும். மான்கள் அதை மொட்டையடித்துவிட்டன. அதற்கு மேல் 1963–64 குளிர்காலம் மிகக் கடுமையாக அமைந்தது. சமன்பாட்டில் தாங்குதிறன் என்று ஓர் எண்ணை மாறாமல் வைத்திருந்தோம் அல்லவா, தீவில் அதுவே சரிந்துகொண்டிருந்தது. லைக்கனுக்கென்று இரண்டாவது சமன்பாடு வேண்டும் என்று மாணவர்களே சொல்வார்கள். இரண்டு சமன்பாட்டுக்கு இப்படித் தேவை பிறந்து வருவதுதான் எனக்குப் பிடித்த வழி.

அப்படியானால் லோட்கா–வோல்டெரா என்ற அந்தக் கொன்றுண்ணி–இரை சமன்பாடு எப்போது?

அதற்குப் பிறகு, அதைப் பிறப்பித்த தரவோடு. முதல் உலகப்போரின்போது ஏட்ரியாட்டிக் கடலில் மீன்பிடிப்பு குறைந்தது. ஃபியூமே துறைமுகச் சந்தைக்கு வந்த மீன்களில் சுறா வகைகளின் பங்கு 1914இல் சுமார் 12 சதவீதம், 1918இல் 36 சதவீதம். போர் முடிந்து படகுகள் திரும்பியதும் அது மறுபடி இறங்கியது. இந்தக் கணக்குகளைத் தொகுத்த உம்பெர்ட்டோ டி'அன்கோனா என்ற உயிரியலாளர், ஏன் இப்படி என்று கணித மேதையான தன் மாமனார் வீட்டோ வோல்டெராவிடம் கேட்டார். 1926இல் வோல்டெரா பதில் எழுதினார். அமெரிக்காவில் ஆல்ஃபிரட் லோட்கா 1925இலேயே தனியாக அதே சமன்பாட்டுக்கு வந்திருந்தார்.

களப் பக்கத்து ஆள் ஒருவர், கணக்குப் பக்கத்து ஆள் ஒருவர், நடுவில் சந்தைக் கணக்கிலிருந்து பிறந்த ஒரு கேள்வி. இந்தத் துறையின் கூட்டு வழிகாட்டலுக்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

தொற்றுநோய் மாதிரிகளும் இதில் சேருமா?

சேரும். கொசுவும் எலியும் தெள்ளுப்பூச்சியும் சூழலியல்தான். கெர்மாக், மெக்கென்ட்ரிக் இருவரும் 1927இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில், தொற்று ஏறி இறங்குவதைக் காட்டும் தங்கள் வளைவை ஒப்பிடப் பயன்படுத்தியது 1905–06 பம்பாய் பிளேக் மரணக் கணக்கு. மெக்கென்ட்ரிக் இந்தியாவில் மருத்துவப் பணியில் இருந்தவர். வளைவு தரவோடு அழகாகப் பொருந்துகிறது. ஆனால் பிளேக் எலித் தெள்ளுப்பூச்சியால் பரவுவது, சமன்பாட்டில் எலிக்கென்று ஓர் உறுப்பே இல்லை. 'பிறகு எப்படிப் பொருந்தியது?' என்ற கேள்வியை முதுகலை மாணவர்களிடம் விட்டுவிடுங்கள். ஒரு வாரம் ஓடும்.

என்ன மென்பொருள் கற்க வேண்டும்?

முதலில் காகிதம், கால்குலேட்டர். பத்துப் படிகளாவது கையால் போட வேண்டும். ராபர்ட் மே 1976இல் 'நேச்சர்' இதழில் எழுதிய கட்டுரையில், விடையையே மறுபடி உள்ளே போடும் எளிய லாஜிஸ்டிக் கணக்கை மாணவர்களுக்குச் சீக்கிரமே அறிமுகப்படுத்த வேண்டும் என்று வாதாடினார். கால்குலேட்டரே போதும் என்றார். இன்றைக்கும் அது செல்லும். ஒரு பின்னத்தை எடுங்கள், அதை ஒன்றிலிருந்து கழித்து வந்ததால் அதையே பெருக்குங்கள், பிறகு 2.8ஆல் பெருக்குங்கள். விடையை மறுபடி உள்ளே போடுங்கள். ஓர் எண்ணில் வந்து நிற்கும். 2.8க்குப் பதில் 3.2 என்றால் இரண்டு எண்களுக்கு இடையே தாவிக்கொண்டே இருக்கும். 3.9 என்றால் பிடி கிடைக்காது. 0.4இல் தொடங்கியவரும் 0.4001இல் தொடங்கியவரும் கொஞ்ச நேரத்தில் சம்பந்தமே இல்லாத எண்களில் நிற்பார்கள்.

அப்புறம் எக்செல். அதற்கும் அப்புறம் ஆர் மொழி அல்லது பைத்தான், இரண்டில் எது உங்கள் சீனியருக்குத் தெரியுமோ அது. இரவு பதினொரு மணிக்கு நிரல் ஓடாதபோது உதவப்போவது அவர்தான்.

செயற்கை நுண்ணறிவிடம் நிரல் எழுதி வாங்கலாமா?

வாங்கலாம். வாங்கிய பிறகு மூன்று கேள்விக்குக் கணினியைத் தொடாமல் பதில் சொல்லிவிட்டுத்தான் ஓட்ட வேண்டும் என்பது எங்கள் விதி. வளர்வீதத்தைப் பூஜ்யமாக வைத்தால் வரைபடம் எப்படி இருக்கும்? தாங்குதிறனிலேயே தொடங்கினால்? அதற்கு இரண்டு மடங்கில் தொடங்கினால்? பதிலும் வரைபடமும் முரண்பட்டால், தப்பு நிரலிலா தலையிலா என்று தேட வேண்டும். இந்தத் தேடலைச் செய்யாத மாணவர் நிரலைத் தானே எழுதியிருந்தாலும் பயனில்லை.

தலைப்பை எப்படித் தேர்ந்தெடுப்பது?

'காலநிலை மாற்றமும் பல்லுயிரியமும்' என்று எழுதிக்கொண்டு வராதீர்கள். உங்கள் வீட்டிலிருந்து பஸ்ஸில் போய்ப் பார்க்கக்கூடிய ஒன்றாக இருக்கட்டும். வனப்பகுதிக்குள் ஆய்வு செய்ய வனத்துறையின் அனுமதி வேண்டும். அதற்கு நேரம் பிடிக்கும், ஒரு செமஸ்டருக்குள் முடிப்பது சிரமம். ஏரி, வயல், தெருவோர மரம், கடற்கரை, மொட்டைமாடித் தொட்டியில் நெளியும் கொசுப்புழு, இவற்றில் ஆயுளுக்கும் போதுமான கேள்வி இருக்கிறது.

ஓர் உதாரணம் விரிவாகச் சொல்கிறேன். ஆகாயத்தாமரை ஏரியை மூடுகிறது, பொக்லைன் வைத்து அள்ளுகிறார்கள், சில மாதத்தில் மறுபடி மூடுகிறது. 'ஆகாயத்தாமரையின் தாக்கம்' என்பது தலைப்பு ஆகாது. 'ஒரு முறை அள்ளினால் எத்தனை நாள் தாங்கும்?' என்று கேளுங்கள், மாதிரி தானாக வரும். செடி கொஞ்சமாக இருக்கும்போது இரண்டு வாரத்துக்கு ஒருமுறை இரட்டிப்பதாக வைத்துக்கொள்வோம்; சாக்கடைச் சத்து கலந்த வெதுவெதுப்பான நீரில் இது நடக்கக்கூடியதுதான். 90 சதவீதத்தை அள்ளி, 10 சதவீதத்தை விட்டுவைத்தால், ஏரி மறுபடி 90 சதவீதம் மூட லாஜிஸ்டிக் கணக்குப்படி ஏறக்குறைய 89 நாள். 99 சதவீதம் அள்ளினால் 137 நாள். மிச்சமிருந்த அந்த 9 சதவீதத்தையும் அள்ளியதில் கிடைத்தது 48 நாள்.

இப்போது கேள்விகள் கொட்டும். கரையோரச் சம்புக்குள் சிக்கியிருக்கும் அந்தக் கடைசி 9 சதவீதத்தை எடுக்க எத்தனை ஆள்கூலி? அடிச்சேற்றில் வருஷக்கணக்கில் கிடக்கும் விதைகளை மாதிரியில் எங்கே வைப்பது? இரண்டு வாரம் என்று சும்மா வைத்துக்கொண்டோமே, நம் ஏரியில் உண்மையில் எத்தனை? அதை அளக்க ஒரு மீட்டர் பிவிசி சட்டம், வாரம் ஒரு செல்போன் படம், ஒரே இடத்தில் நின்று எடுக்கும் ஒழுங்கு இவ்வளவும் போதும். ப்ராஜெக்ட் தயார்.

கடலோர மாணவர்களுக்கு மீன்பிடித் தடைக்காலம் நல்ல களம். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் போவதில்லை. நாளைக் கூட்டுவதா, படகைக் குறைப்பதா, எது மீனுக்கு நல்லது? இந்தக் கேள்விக்கான பாதித் தரவு வீட்டில் அப்பாவிடமே இருக்கும்.

என் மாதிரி தரவோடு ஒத்துப்போகவில்லை. ப்ராஜெக்ட் போச்சா?

போகவில்லை. எங்கே விலகுகிறது, எப்போதிலிருந்து விலகுகிறது என்று எழுதுங்கள். அமெரிக்காவின் சுப்பீரியர் ஏரியில் ஐல் ராயல் என்று ஒரு தீவு. ஓநாய்களையும் மூஸ் மான்களையும் 1958 முதல் அங்கே எண்ணி வருகிறார்கள். கொன்றுண்ணி–இரை மாதிரிக்கென்றே படைத்தது போன்ற இடம். 1980இல் 50 ஓநாய்கள், 1982இல் 14. மான் குறைந்தது காரணமில்லை. நாய்களைத் தாக்கும் பார்வோ வைரஸ் தீவுக்குள் வந்துவிட்டது. அதை எந்த இரண்டு வரிச் சமன்பாடும் சொல்லியிருக்காது. ஆனால் சமன்பாடு இருந்ததால்தான் 'இது வழக்கமான இறக்கம் இல்லை' என்று சொல்ல முடியும்.

பொருந்தும்வரை வளர்வீதத்தைத் திருகித் திருகிச் சரிசெய்து கொண்டுவருவதைத்தான் நான் ஏற்பதில்லை.

இதனால் யாருக்காவது உண்மையில் பயன் உண்டா?

கடலாமைகள் சாட்சி. அமெரிக்காவின் தென்கிழக்குக் கடற்கரையில் பெருந்தலை ஆமைகள் குறைந்துகொண்டிருந்தன. பாதுகாப்பு முயற்சியில் பெரும்பங்கு கரையில் முட்டைகளைக் காப்பதற்குப் போனது. 1987இல் கிரவுஸ், கிரவுடர், காஸ்வெல் மூவரும் ஆமையின் வாழ்நாளை முட்டை, குஞ்சு, இளம் ஆமை என்று பருவங்களாகப் பிரித்து ஓர் அணியில் (வரிசையும் நிரலுமாக அமைந்த எண் கட்டங்களில்) எழுதிப் பார்த்தார்கள். முட்டையும் குஞ்சும் நூற்றுக்கு நூறு பிழைத்தாலும் அந்தக் கூட்டத்தின் சரிவு நிற்காது என்று கணக்கு காட்டியது. இளம் ஆமைகள் கடலில் சாவதைக் குறைத்தால் நிற்கும். அவை இனப்பெருக்க வயதுக்கு வரவே இருபது வருஷத்துக்கு மேல் ஆகும்; அதற்குள் இறால் வலையில் சிக்கினால் எல்லாம் வீண். இறால் வலையில் ஆமை தப்பிக்கும் வாயில் பொருத்த வேண்டும் என்ற வாதத்துக்கு இந்த அணி பெரிய பலம் சேர்த்தது.

சென்னைக் கடற்கரையில் 1988 முதல் மாணவர்கள் இரவில் நடந்து பங்குனி ஆமை முட்டைகளைச் சேகரித்துக் காத்து வருகிறார்கள். அதே கரையில் 2025 ஜனவரியில் நூற்றுக்கணக்கான ஆமைகள் செத்து ஒதுங்கின. இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், அணியின் எந்தக் கட்டத்தை மாற்றினால் என்ன ஆகும் என்று பார்க்காமல் இருக்க முடியாது. பெருந்தலை ஆமையின் எண்களை அப்படியே பங்குனி ஆமைக்குப் போட்டுவிடக் கூடாது என்பது தனி எச்சரிக்கை. முட்டை பொறுக்குவது வீண் என்றும் யாரும் முடிவுகட்ட வேண்டாம். அந்த இரவு நடையில்தான் பலர் சூழலியலுக்கே வருகிறார்கள்.

வழிகாட்டி என்ற முறையில் நான் எவ்வளவு சொல்லிக்கொடுக்க வேண்டும்?

நீங்கள் நினைப்பதைவிடக் குறைவாக. வாரம் ஒரு சந்திப்பு, ஒரு பக்கக் குறிப்பு. மாதிரியை ஓட்டுமுன் என்ன வரும் என்று மாணவர் நோட்டில் தேதி போட்டு எழுதியிருக்க வேண்டும். ஓட்டிய பிறகு என்ன வந்தது என்று அதன் கீழே. இரண்டும் வேறுபட்டால் அந்த வாரச் சந்திப்பு முழுக்க அதைப் பற்றித்தான்.

நம் ஊர் வகுப்பறையில் பெரிய தடை, 'சார் சொன்னா சரியாத்தான் இருக்கும்' என்ற மரியாதை. கணக்கில் சந்தேகம் இருந்தாலும் வாயைத் திறக்க மாட்டார்கள். இதற்கு நான் கண்ட ஒரே மருந்து இரண்டு வழிகாட்டிகள். களம் தெரிந்த ஒருவரும் கணிதம் தெரிந்த ஒருவரும் மாணவர் முன்னாலேயே வாதாட வேண்டும். 'மேடம், அந்த இறப்பு வீதம் எனக்கு ஒப்பவில்லை' என்று ஒரு ஆசிரியர் இன்னொருவரிடம் சொல்வதைக் கேட்டுப் பழகிய மாணவி, அடுத்த செமஸ்டரில் தானே சொல்வாள். சீனியர் அக்கா, அண்ணன்களையும் கூட்டத்தில் உட்காரவையுங்கள். நம்மிடம் கேட்கக் கூச்சப்படுவதை அவர்களிடம் கேட்பார்கள்.

விளக்கம் தமிழில் இருக்கட்டும். அறிக்கை ஆங்கிலத்தில் எழுத வேண்டியிருக்கும்தான். ஆனால் ஒவ்வொரு உறுப்பும் ஏன் அங்கே இருக்கிறது, கூட்டலா கழித்தலா என்று தமிழில் சொல்லச் சொன்னால், மனப்பாடம் எது புரிதல் எது என்று அரை நிமிடத்தில் தெரிந்துவிடும்.

கட்டுரை வெளிவந்தால் என் பெயர் இருக்குமா?

கேள்வியை உருவாக்கினீர்கள், தரவெடுத்தீர்கள், மாதிரியை ஓட்டினீர்கள் என்றால் இருக்கும், அதுவும் முதலில். இதை முதல் மாதத்திலேயே பேசி எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

மேற்படிப்புக்கு எங்கே போகலாம்? வேலை கிடைக்குமா?

பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் சூழலியல் அறிவியல் மையம், அதே ஊரில் தேசிய உயிரியல் அறிவியல் மையம், டேராடூன் இந்திய வனவுயிர் நிறுவனம் ஆகியவை பலரும் முயல்பவை. இங்கேயே மன்னம்பந்தல் ஏவிசி கல்லூரியில் வனவுயிரியல் இருக்கிறது. அறிவியல் அகாடமிகள் நடத்தும் கோடைகால ஆய்வு உதவித்தொகைக்கு இளங்கலையிலேயே விண்ணப்பியுங்கள். முதுமலையில் 1988 முதல் மரங்களை விடாமல் அளந்துவரும் 50 ஹெக்டேர் நிலம் போன்ற நீண்டகால ஆய்வுகள் எப்படி நடக்கின்றன என்று அருகிலிருந்து தெரிந்துகொள்ள இது ஒரு வழி.

வேலை விஷயத்தில் மழுப்ப விரும்பவில்லை. சூழலியலாளர் என்ற பெயரிலேயே இருக்கும் வேலைகள் குறைவு. தரவையும் நிச்சயமின்மையையும் கையாளத் தெரிந்தவர்களுக்குப் பொதுச் சுகாதாரம், மீன்வளம், வேளாண்மை என்று வெளியே இடம் இருக்கிறது. வீட்டில் கேட்டால் இதையே சொல்லுங்கள்.

சிபாரிசுக் கடிதம் தருவீர்களா?

தருவேன். மூன்று வாரம் முன்னால் கேளுங்கள், கடைசி நாளுக்கு முந்தின இரவு வாட்ஸ்அப்பில் கேட்காதீர்கள். கேட்கும்போது மதிப்பெண் பட்டியலோடு நோட்டின் சில பக்கங்களையும் படம் எடுத்து அனுப்புங்கள், உங்கள் கணிப்பு தவறிப்போன பக்கங்களையும் சேர்த்து. கடிதத்தில் எழுத எனக்கு விஷயம் கிடைப்பது பெரும்பாலும் அவற்றில்தான்.